கல்லச்சில் இறங்கிய திருமகள்: இரவிவர்மாவின் வாழ்வும் வணிகச் சின்னங்களின் மறைபொருளும்

சின்னங்களே கண்ணில் படாத ஒரு நாளை இன்று நம்மால் கற்பனை செய்யவும் முடியாது. காலையில் பிதுக்கும் பற்பசையில் ஒரு சின்னம். போட்டுக்கொள்ளும் காலணியில் ஒரு சின்னம். ஏறிச் செல்லும் வண்டியில் ஒரு சின்னம். இவற்றில் பல, பழங்காலத் தெய்வங்களின் மிச்சங்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? நைக்கி என்பது கிரேக்கர்களின் வெற்றித் தெய்வத்தின் பெயர். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 அமெரிக்க டாலருக்கு வரைந்து கொடுத்த அந்த வளைந்த கோடு, அத்தெய்வத்தின் சிறகை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். மசராட்டி காரின் முகப்பில் இருப்பது கடல் தெய்வமான நெப்டியூனின் திரிசூலம். வெர்சாச்சே ஆடைகளில் பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசா. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கோப்பையில் இரட்டை வால் கடற்கன்னி.

குட்இயர் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயருக்கு நடுவே சிறகு முளைத்த ஒரு கால் இருக்கும். அது உரோமானியர்களின் தூதுத் தெய்வமான மெர்க்குரியின் கால். கெடாத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் வாளியில் சுமந்த பால், கப்பலேறி உலகச் சந்தைக்குப் போய் எத்தனையோ டயர்களாக மாறியது. தாங்கள் சுமந்த பாலில் உருளும் உலகத்துக்கு எந்தெந்தத் தெய்வங்கள் சின்னமாயின என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். சுங்கைப் பட்டாணியில் நம்மவர் கடைகள் இருக்கும் தெருவில் நடந்து பாருங்கள். அரிசிப் பையில், ஊதுபத்திப் பெட்டியில், நகைக்கடை நாட்காட்டியில் திருமகள் தாமரை மேல் நிற்கிறாள். கலைமகள் வீணை வாசிக்கிறாள். சிறகு மட்டும், சூலம் மட்டும் என்றில்லை. முகம், நகை, சேலை மடிப்பு எல்லாமாக முழுத் தெய்வமும் அங்கே இருக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக வணிகச் சின்னம் ஒன்றின் பொருளை விளக்கும்படி எங்கள் குழுவைக் கேட்டார்கள். என்னோடு இருந்த மலாய், சீன நண்பர்கள் ஓர் அரிசிப் பையைக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். தாமரையில் நிற்கும் இந்த அம்மா ஓர் அரசியா? இவரை முதலில் வரைந்தது யார்? முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்வி என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே நான் சந்தித்தவர்தான் இராஜா இரவிவர்மா.

கிளிமானூரின் கரிக்கட்டி

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமையம்பா; தந்தையார் ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு கொண்ட குடும்பம் அது. கலையும் இசையும் வீட்டிலேயே புழங்கின.

சிறுவனாக இருந்தபோது அரண்மனைச் சுவர்களில் கரிக்கட்டியால் விலங்குகளையும் மனிதர்களையும் கிறுக்கி வைப்பாராம். சுவர் பாழாகிறதே என்று வேலையாட்கள் புலம்ப, தாய்மாமன் இராஜராஜ வர்மா அக்கிறுக்கல்களில் ஒரு கலைஞனைக் கண்டார். மாமாவும் ஓர் ஓவியர்தான். அவரே முதல் ஆசானானார். பதினான்கு வயதில் சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். அரண்மனையில் தங்கவும், அங்கிருந்த ஐரோப்பிய ஓவியங்களையும் நூல்களையும் பார்க்கவும் மன்னர் வழி செய்து கொடுத்தார்.

மறுக்கப்பட்ட வித்தை

அக்காலத்தில் எண்ணெய் வண்ணம் இந்தியாவில் புதிய வித்தை. அது தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் அதைப் பிறருக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு. அவர் இரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பின்னாளில் இந்தியா முழுவதும் புகழ்பெற்ற ஒரு தூரிகைக்கு, பெயர் பெரிதாக அறியப்படாத ஒரு தமிழர் இருட்டில் உதவியிருக்கிறார் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரை வரைவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் பாடம் சொல்லித்தர முன்வரவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இசைந்தார். இரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எந்த வண்ணத்தோடு எது சேர்கிறது, எது காயுமுன் எது பூசப்படுகிறது என்று கண்ணாலேயே கற்றார். மற்றதைத் தவறித் தவறித் தாமே கண்டுபிடித்தார். ஏறத்தாழ ஒன்பதாண்டு உழைப்பு அது. ஆசிரியர் கிடைக்கவில்லை என்று அவர் படிப்பை நிறுத்தவில்லை.

இதற்கிடையே 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாயியை மணந்தார். இந்தத் திருமணத்தின் வழித்தோன்றல்கள் பின்னாளில் ஒரு பெரிய சமூக மாற்றத்தில் பங்கு பெற்றனர். அதைப் பிறகு பார்ப்போம்.

பதக்கங்களும் பயணங்களும்

1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் அவருக்கு ஆளுநரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நரம்பிசைக் கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணையும், துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையையும் வரைந்தார். சகுந்தலை ஓவியத்தை அன்றைய சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகன் வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டு வயதுக்குள் இத்தனை புகழ்.

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து அரியணை ஏறியவரோடு இரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு கதவு மூட, வேறொரு கதவு திறந்தது. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் அப்போது பரோடாவின் நிருவாகத்தை நடத்தி வந்தார். அவர் வழியாக இரவிவர்மா 1881இல் பரோடா சென்றார். இளம் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்குப் பெரும் புரவலரானார்.

1888இல் பரோடா மன்னர் இராமாயண, மகாபாரத, புராணக் காட்சிகளைக் கொண்ட பதினான்கு ஓவியங்களை வரைந்து தரும்படி கேட்டார். இங்கேதான் நம் தலைப்புக்குரிய சிக்கல் தொடங்குகிறது. தெய்வங்களுக்கு எந்த ஆடையை உடுத்துவது? சிற்பங்களில் ஒருவிதம், தஞ்சாவூர் ஓவியங்களில் வேறுவிதம், வடநாட்டில் முற்றிலும் மற்றொரு விதம். அனைத்து இந்தியரும் தம்முடையது என்று ஏற்கும் உடை எது? இதற்காகவே அவர் தம்பி இராஜராஜ வர்மாவோடு வடஇந்தியா முழுவதும் பயணம் செய்தார். எங்கும் பொதுவான ஓர் உடை கிடைக்கவில்லை. முடிவில் அவர் தேர்ந்தது சேலை. பல ஓவியங்களில் அது மராத்தியப் பெண்கள் கட்டும் முறையில் அமைந்தது.

1890இல் அந்தப் பதினான்கு ஓவியங்களும் முடிந்தன. அரண்மனைக்குள் போவதற்கு முன் அவை திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தாங்கள் காதால் மட்டுமே கேட்டிருந்த நளனும் தமயந்தியும் சீதையும் இரத்தமும் சதையுமாக நிற்பதைக் கண்டார்கள். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் சென்று பரிசு பெற்றன. விவேகானந்தர் அந்நகரில் பேசிய அதே ஆண்டுதான் அது.

கல்லில் பிறந்த படங்கள்

அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓர் ஓவியத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்பினால் நாட்டுக்கே நன்மை என்று 1884இலேயே மாதவராவ் இரவிவர்மாவுக்கு எழுதியிருந்தார். பத்தாண்டுக்குப் பிறகு இரவிவர்மா ஒருபடி மேலே போனார். ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை, அச்சகத்தையே இங்கே கொண்டுவந்தார்.

1894இல் பம்பாயின் கிர்காவ் பகுதியில், கோவர்த்தன்தாஸ் கட்டாவ் மகன்ஜி என்ற வணிகரின் கூட்டில் அச்சகம் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு.

இந்தக் கல்லச்சு முறை எளிதானதன்று. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான் அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கல்லுக்கு ஒரு நிறம். திருமகளின் சேலைச் சிவப்புக்கு ஒரு கல், தாமரை இலையின் பச்சைக்கு ஒரு கல், நகையின் மஞ்சளுக்கு ஒரு கல் என்று ஒரே தாள் பல கற்களின் மேல் போய்வர வேண்டும். ஒருமுறை தாள் மயிரிழை விலகினாலும் தேவியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போல் மினுங்க மெருகு பூசுவார்கள். இப்படி உருவான படத்துக்கு ஓலியோகிராப் என்று பெயர்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடினர். அச்சகம் இடம் மாறி, கடைசியில் லோனாவாலாவுக்கு அருகே உள்ள மளவலி என்ற சிற்றூருக்குப் போனது. கடன் கழுத்தை நெரித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்கே வேலை செய்த ஜெர்மானியத் தொழில் வல்லுநர் ஃபிரிட்ஸ் ஷ்லைசரிடம் அச்சகத்தையும் பல படங்களின் அச்சுரிமையையும் இரவிவர்மா விற்றுவிட்டார். தாம் உருவாக்கிய திருமகளின் முகம் இனி எங்கே அச்சாகும் என்று முடிவு செய்யும் உரிமை அவர் கையைவிட்டுப் போனது.

1904இல் ஆங்கிலேய அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டு தம்பி இராஜராஜ வர்மா இறந்தார். அண்ணனுக்கு உதவியாளராகவும் செயலாளராகவும் வழித்துணையாகவும் இருந்த அவரும் சிறந்த ஓவியரே. அந்த இழப்புக்குப் பின் அண்ணன் தேறவில்லை. நீரிழிவு நோய் வாட்ட, மைசூர் அரண்மனைக்கான கடைசி ஓவியங்களை முடித்துவிட்டு, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தாம் சுவரில் கிறுக்கிய அதே கிளிமானூரில் கண்மூடினார். வயது ஐம்பத்தெட்டு.

கடைக்கு வந்த கடவுள்

ஓவியர் மறைந்தார், படங்கள் பெருகின. ஷ்லைசரின் அச்சகம் தெய்வப் படங்களோடு பொருள்களுக்கான ஒட்டுத்தாள்களையும் விளம்பரங்களையும் அச்சிட்டது. மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக் கட்டுகளில் இந்துத் தெய்வங்கள் ஒட்டப்பட்டிருந்தன. சுவீடனிலும் ஜப்பானிலும் செய்த தீப்பெட்டிகளில்கூட நம் கண்ணனும் திருமகளும் இருந்தார்கள். சோப்புக் கம்பெனிகள் நாட்காட்டி அச்சடித்தன. பின்னர் சிவகாசி எழுந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் தமிழர்களுக்கென்றே முருகனையும் மீனாட்சியையும் வரைந்து நாட்காட்டிகளில் நிறைத்தார்கள். அவை கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன.

வணிகர்கள் ஏன் தெய்வத்தைத் தேர்ந்தார்கள்? இதில் மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். கம்பெனியின் பெயர் தெரியாமலே, யானை போட்ட துணி, லட்சுமி போட்ட தீப்பெட்டி என்று கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, நம்பிக்கை. முன்பின் தெரியாத ஊரில் செய்த பொருளின் மேல் நன்றாகத் தெரிந்த ஒரு முகம் இருந்தது.

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. தெய்வப் படத்தை யாரும் கிழித்து எறிய மாட்டார்கள். துணி கிழிந்து போகும். அதில் ஒட்டியிருந்த படம் சுவரில் நிற்கும். ஆண்டு முடிந்த நாட்காட்டியில் தேதியைக் கிழித்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போடுவார்கள். படத்தின் கீழே கம்பெனியின் பெயரும் இருக்கும். சாமி மேடையில் சூடம் காட்டும்போது அந்தப் பெயருக்கும் சேர்த்தே வெளிச்சம் விழும்! இதைவிட நீண்ட ஆயுளுள்ள விளம்பரம் உலகில் உண்டா?

இரவிவர்மாவின் திருமகளையே உற்றுப் பாருங்கள். மேலிரு கைகளில் தாமரைகள். கீழிரு கைகள் அஞ்சேல் என்றும் ஏற்றுக்கொள் என்றும் திறந்திருக்கின்றன. பக்கத்தில் மாலை ஏந்திய யானை. தாமரை சேற்றில் முளைத்தும் சேறு படாதது. யானை மழைமேகத்துக்கும் அரசுக்கும் குறி. ஆக, மழையும் விளைச்சலும் அச்சமின்மையும்தான் அந்தப் படம் சொல்லும் செல்வம். பிற்கால நாட்காட்டிகளில் அதே கையிலிருந்து பொற்காசுகள் கொட்டத் தொடங்கின. ஏற்றுக்கொள் என்ற கை பணம் தரும் கையாக மாறியது. ஒரு சின்னம் எப்படிப் பொருள் மாறும் என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இதுதான்.

கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

தெய்வத்தைச் சரக்காக்கிவிட்டார் என்று இரவிவர்மாவைக் குறை சொல்வோர் உண்டு. அவர் மறைந்த ஆண்டுகளிலேயே, ஐரோப்பிய பாணியில் நாடகம் போல் வரைந்தவர் என்று கலை விமர்சகர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஆனந்த குமாரசாமியும் அவர்களுள் ஒருவர். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அரண்மனையிலிருந்தும் கலைக்கூடத்திலிருந்தும் பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, தோட்டத்து லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது.

அந்நாளில் தென்னிந்தியாவின் பல பெருங்கோயில்களில் எல்லாச் சாதியினரும் நுழைய முடியாது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் பலர் அப்படி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். கருவறையைக் கண்ணால் காணாதவர்களுக்குச் சில காசு கொடுத்தால் ஒரு திருமகள் கிடைத்தாள். பூசாரி வேண்டாம், அனுமதி வேண்டாம். ஓர் ஆணி போதும். லயத்து வீட்டின் பலகைச் சுவரில் அவள் வந்து நின்றாள். யாரும் அவளைப் பார்க்காதே என்று தடுக்கவில்லை.

முன்னே சொன்ன வழித்தோன்றல்களின் கதை இங்கேதான் வருகிறது. இரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்திகள் இருவர் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டனர். பெரியாரும் கலந்துகொண்ட வைக்கம் போராட்டம் 1924இல் தொடங்கியது. அது 1925இல் முடிவுக்கு வந்து, கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலானவை திறக்கப்பட்டபோது, ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மூத்த பேத்தி சேது லட்சுமி பாயி. இளைய பேத்தி சேது பார்வதி பாயியின் மகன் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர்தான் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் எல்லா இந்துக்களுக்கும் அரசின் கோயில்களைத் திறந்துவிட்டார். தாத்தாவின் அச்சகம் தெய்வங்களைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு கொள்ளுப்பேரனின் ஆணை வெளியே நின்றவர்களைக் கோயிலுக்குள் அழைத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரலாறு இப்படி ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கதவுகளையும் வைத்திருக்கிறது.

படத்தில் இடம் பெறாதவர்கள்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அச்சில் வந்த திருமகள் வெளுத்த நிறத்தவள்; பட்டும் நகையும் பூண்டவள்; உயர்குடி வீட்டுப் பெண் போன்றவள். அவளைப் பார்த்துப் பார்த்து, தெய்வம் என்றால் வெள்ளை என்று நம் கண் பழகிவிட்டது. நம் தோட்டங்களைக் காத்த முனியாண்டியும் மதுரை வீரனும் அந்த அச்சகத்தின் புகழ்பெற்ற படங்களில் இல்லை. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாக அவர்கள் இருந்தார்கள். இன்று முகப்பூச்சு விளம்பரத்தில் வரும் வெள்ளை முகத்துக்கும், நாட்காட்டித் தேவியின் முகத்துக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? சின்னத்தில் எது இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்பதும் ஒரு மறைபொருள்தான்.

என் பாட்டி ஊதுபத்தி அட்டையைக்கூடக் குப்பையில் போட மாட்டார். சாமி படத்தை மட்டும் கத்தரித்து ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பார். டின் நிறைந்ததும் கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைப்பார். அங்கே ஏற்கெனவே உடைந்த கண்ணாடிச் சட்டங்களும் பழைய நாட்காட்டிகளும் மழையில் நனைந்து கிடக்கும். வைத்துக்கொள்ளவும் இடமில்லை, எறியவும் மனமில்லை என்ற தவிப்பு அது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அச்சடிப்பவர்கள் அந்தத் தவிப்பை நுகர்வோரின் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முகமும் குறியும்

மேல்நாட்டுச் சின்னங்களையும் நம் சின்னங்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. நைக்கியையும் நெப்டியூனையும் இன்று வணங்குவோர் மிக அரிது. ஆகவே அவர்களைக் காலணியிலும் போடலாம், கேட்க ஆளில்லை. நம் தெய்வங்களோ வழிபாட்டில் இருப்பவர்கள். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம், சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களைப் பதிவு செய்ய இடமளிப்பதில்லை. ஊதுபத்திக்கு இராமாயணத்தின் பெயரை ஒருவர் மட்டும் தனியுரிமையாகக் கேட்க முடியாது என்று 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் தொன்மங்களை வணிகத்தில் பயன்படுத்தவே கூடாதா? நம் அண்டை நாடுகளைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியா தன் விமான நிறுவனத்துக்குத் திருமாலின் வாகனமான கருடனின் பெயரை வைத்தது. அதன் சின்னத்தில் ஒரு பறவைத் தலையும் சில கோடுகளும்தான். கெடாவிலிருந்து எல்லை தாண்டி ஹட்யாய் போகிறவர்கள், சில வங்கிக் கட்டடங்களின் மேல் கருடன் நிற்பதைக் காணலாம். அது தாய்லாந்து மன்னர் நன்மதிப்புப் பெற்ற நிறுவனங்களுக்கு அளிக்கும் சிறப்பு. அங்கே அதை மிதிபடும் பையில் அச்சடிப்பதில்லை.

உண்மையில் குறியால் பேசுவது நமக்குப் புதிதன்று. சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல், சேரருக்கு வில் என்று நம் முன்னோர் கொடியிலும் காசிலும் முத்திரையிலும் பொறித்தார்கள். முருகனின் முகம் வேண்டியதில்லை. வேல் ஒன்றே போதும். தைப்பூசத்தன்று வேலைக் கண்டதும் கைகள் தாமாகக் குவிகின்றனவே! ஒரு கோடும் ஓர் இலையும் சேர்ந்த அந்த வடிவத்துக்கு இணையான சின்னத்தை எந்த நிறுவனம் இன்றுவரை வரைந்திருக்கிறது?

இரவிவர்மா குறிக்கு முகம் கொடுத்தவர். அவர் காலத்துக்கு அது தேவையாக இருந்தது. தெய்வத்தைப் பார்க்கவே முடியாதிருந்தவர்களுக்கு அவர் ஒரு முகத்தைக் காட்டினார். இன்றைய வடிவமைப்புக் கலையோ முகத்திலிருந்து மீண்டும் குறிக்குப் போகிறது. இந்த இரண்டு வழியும் தெரிந்த தலைமுறை நாம்.

1972இல் மளவலி அச்சகம் தீப்பற்றி எரிந்தது. பழைய படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. 1979இல் இந்திய அரசு இரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதித்தது. ஆனால் அவருடைய திருமகள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டாள். தடை போட முடியாத தூரத்துக்கு, நம் லயங்களுக்கு, வந்து சேர்ந்துவிட்டாள்.

நம் பேரவையின் மூத்த உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாகத் தொழில் நடத்துகிறார்கள். என்னோடு படிப்பவர்களும் நாளை நடத்துவார்கள். சுயதொழில் தொடங்கும்போது முதலில் தேடுவது ஒரு பெயரையும் ஒரு சின்னத்தையும்தான். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்தச் சின்னம் என்ன சொல்கிறது? இதில் யாருக்கு இடமில்லை? பொருள் தீர்ந்த பிறகு இது எங்கே போய்க் கிடக்கும்? ஒரு தாமரை இதழ் போதும் என்றால் திருமகளை முழுமையாகப் பைக்குள் இழுக்க வேண்டாம். ஒரு மயிலிறகு போதும் என்றால் முருகனைச் சாக்கடையில் மிதக்கவிட வேண்டாம். ஒருவரும் சொல்லித்தராத வித்தையைப் பார்த்துப் பார்த்தே கற்ற மனிதரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்: நன்றாகப் பார்ப்பது.